பேர் எழுதாத மாத்திரை

போடியில் பதினைந்து வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்த ஊர்க் கல்யாணப் பந்தி எதிலும் நான் நிம்மதியாகப் பாயசம் குடித்ததில்லை. பக்கத்து இலைக்காரர் என்னைப் பார்த்ததும் குனிந்து இலையையே பார்க்கத் தொடங்கிவிடுவார். அவருக்கு மூலம் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். எதிர் வரிசைக்காரர் அதைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்பது அவர் கவலை. அப்புறம் பாயசம் எப்படி இறங்கும், அவருக்கும் சரி, எனக்கும் சரி.

கடைக்குள் வந்தால் 'அண்ணே, அண்ணே' என்று மேஜை மேல் சாய்ந்து காதோடு காதாகப் பேசுகிறவர்கள், கடைவீதியில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். மருந்துக்கடைக் கண்ணுச்சாமியோடு ஐந்து நிமிஷம் நின்று பேசினால் போதும், அவர்கள் வீடு போய்ச் சேருமுன் 'உடம்புக்கு என்னவாம்?' என்ற கேள்வி போய்ச் சேர்ந்திருக்கும். அவர்கள் மேல் தப்பில்லை. நானே டீக்கடைப் பக்கம் போவதை விட்டுவிட்டேன். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவன், சொந்தபந்தம் என்று இங்கே யாரும் கிடையாது. கல்யாணமும் ஆகவில்லை. எல்லா வீட்டுச் சீக்கும் தெரிந்தவன் எந்த வீட்டில் போய்ப் பெண் கேட்பது?

ஆனால் மற்றவர்கள் கல்யாணத்துக்கு என்னிடம்தான் வருவார்கள். போடியிலும் சுற்றுப்பட்டிகளிலும் சம்பந்தம் பேசுமுன் ஜாதகம் பார்ப்பார்கள், நிலம் பார்ப்பார்கள், அப்புறம் என் கடைக்கு வந்து, வேண்டாத ஒரு தலைவலி மாத்திரையை வாங்கிக்கொண்டு, "அந்த வீட்டுல ஏதும் சீக்கு உண்டாண்ணே?" என்று கேட்பார்கள். வந்த புதிதில் இந்த விஷயத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். யாரோ ஒரு பையனைப் பற்றிக் கேட்டார்கள். "அவனுக்கு என்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கான்" என்றேன். நல்லெண்ணம்தான். அடுத்த மாசம் வேறொரு பெண்ணைப் பற்றிக் கேட்டார்கள். "எனக்குத் தெரியாது" என்றேன். அவ்வளவுதான், சம்பந்தம் நின்றுபோனது. அவனுக்கு வாய் திறந்தவர் இவளுக்கு ஏன் திறக்கவில்லை என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் என் கடையில் வாங்கியது வயிற்றுப் பூச்சிக்கு மருந்து மட்டும்.

அன்றிலிருந்து யார் யாரைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில். எனக்குத் தெரியாது. நல்லவனுக்கும் தெரியாது, சீக்காளிக்கும் தெரியாது. எல்லோருக்கும் ஒன்றாகச் சொன்னால்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இருக்காது. அதைப் பெரிய யோக்கியதை என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

எழுபத்தெட்டாம் வருஷம் கார்த்திகை மாசம். பொட்டிபுரத்து ஜக்கம்மாள் ஒரு மத்தியான நேரம் வந்தார். நாலு வருஷமாக மாசம் தவறாமல் மதுரை டாக்டர் எழுதிய சீட்டோடு வருகிறவர்தான். ஒரே மகள் சுந்தரம்மாளுக்குப் பன்னிரண்டு வயசில் காக்கா வலிப்பு வந்தது. ராத்திரிக்கு ஒரு மாத்திரை, சின்ன வெள்ளை மாத்திரை. அதைத் தவறாமல் சாப்பிட்டதில் வலிப்பு நின்றுவிட்டது. நிறுத்தினால் திரும்ப வரும். அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. அவள் சாப்பிடும் மாத்திரையை மட்டும்தான் தெரியும்.

"அப்பு, பிள்ளைக்குக் கலியாணம் தெகஞ்சிருச்சு" என்றார் ஜக்கம்மாள். "மாப்பிள்ளை போடிமெட்டுக்கு மேல ஏலத்தோட்டத்துல கங்காணி. ஒச்சப்பன்னு பேரு. லயத்து வீடு. அங்க ஒரு செவத்துக்கு ரெண்டு பக்கமும் குடும்பம். சீர்ப்பொட்டியத் தெறந்து பாக்காத கையி இருக்காது. இந்தச் சீட்டையும் இந்தப் பேரையும் வச்சுக்கிட்டு எம்புள்ள எப்படிக் குடும்பம் நடத்தும்?"

மாப்பிள்ளை வீட்டார் அதற்கு முந்தைய வாரமே என்னிடம் வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா மொக்கம்மாள் தலைவலி மாத்திரை வாங்கினார், கேட்டார், நானும் தெரியாது என்றேன். அதை ஜக்கம்மாளிடம் சொல்லவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார். நான் ஒரு சத்து மாத்திரைப் புட்டியை எடுத்து, அதில் இருந்ததைக் கொட்டிவிட்டு, வலிப்பு மாத்திரை முப்பதை எண்ணிப் போட்டேன். வெளியே ஒரு சீட்டு ஒட்டி 'சத்து மாத்திரை, ராத்திரிக்கு ஒன்று' என்று அழகாக எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

அது தப்பு. மருந்தின் பேரை அழிப்பது எங்கள் தொழிலில் செய்யவே கூடாத காரியம் என்று படித்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் ஜக்கம்மாள் அந்தப் புட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தை மாசம் கல்யாணம் நடந்தது. எனக்கும் பத்திரிகை வந்தது, போகவில்லை. மாசா மாசம் ஜக்கம்மாள் புட்டியை நிரப்பி, மலைக்குப் போகும் ஜீப்பில் கொடுத்துவிடுவார்.

ஆவணியில் ஒருநாள் காலை ஒரு ஆள் வந்தான். முப்பது வயசிருக்கும், ஏலக்காய்க் கறை படிந்த கை, சிரித்த முகம். என் புட்டியை மேஜை மேல் வைத்தான். காலி.

"அண்ணே, நான் ஒச்சப்பன். பொட்டிபுரத்து மருமகன். இந்தக் குளிகை ரெண்டு புட்டியாக் குடுங்க. ஒண்ணு பத்தல." மலையில் மாத்திரைக்குக் குளிகை என்றே பேர்.

"ஏன் பத்தல? தினம் ஒண்ணுதான?"

"எங்க ஆத்தாவும் சாப்பிடுதுல்ல! ஏலக்கா எடுப்புக்குப் போயிட்டு வந்து கையி காலு ஒளைச்சல்ல பொலம்பிக்கிட்டே கெடக்கும். ஒருநா இவகிட்ட வாங்கி ஒண்ணு போட்டுச்சு. அம்புட்டுத்தேன், விடிய விடிய நல்ல ஒறக்கம். போடிச் சத்து மாத்திரை மாதிரி வராதுன்னு லயம் பூராவும் சொல்லிக்கிட்டுத் திரியுது. அண்ணன் மகனுக்கு நாலு வயசு, ராத்திரியில சிணுங்குவான். அவனுக்குப் பாதி குடுத்துருவோம்."

தூக்கம் வராமல் என்ன செய்யும்? அது மூளையை அமர்த்துகிற மருந்து. நாலு வயசுப் பிள்ளைக்கு அதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், சத்து என்று நான் எழுதிய சீட்டை நம்பி.

"உன் சம்சாரம் சாப்பிடுறாளா?"

"இருந்தாச் சாப்பிடுவா. ஆத்தா கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டா, நல்ல பிள்ளைண்ணே. போன வாரம் பைப்படியில தண்ணி பிடிக்கப் போனவ மயங்கி விழுந்துட்டா. கையெல்லாம் வெட்டி இழுத்துருச்சாம். சத்துக் கொறைவுன்னு எல்லாரும் சொன்னாக. அதேன் வெரசா ரெண்டு புட்டியா வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

எப்படி இல்லை என்று சொல்வாள்? தன் மருந்து என்று சொன்னால் என்ன மருந்து என்ற கேள்வி வரும். மாமியார் கேட்ட சத்தை மறுத்த மருமகள் என்று பேர் எடுக்கவும் முடியாது. தன் மாத்திரையைத் தானமாகக் கொடுத்துவிட்டுப் பைப்படியில் விழுந்து கிடந்திருக்கிறாள். எனக்கு அப்போதே அழுகை வந்தது. ஆனால் எதிரே நிற்பவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் அவள் சீர்ப்பெட்டியோடு இறங்கிவிடுவாள். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து, அவளுக்கும் ஆபத்து.

இரண்டு நிமிஷம் அலமாரிப் பக்கம் திரும்பி நின்றேன். என் புத்தி வேலை செய்தது. நிஜமான சத்து மாத்திரை, மஞ்சள் பூச்சுப் போட்டது, அதில் ஒரு புட்டி எடுத்தேன். "பழைய சத்து மாத்திரை இனிமே வராது. புதுசு இதுதான், இன்னும் ஒசத்தி. உங்க ஆத்தாவுக்குக் குடு. பிள்ளைக்கு மாத்திரையே வேண்டாம், பாலு குடு." அப்புறம் வலிப்பு மாத்திரை முப்பதை ஒரு காகிதக் கவரில் போட்டு மடித்தேன். "இது உன் சம்சாரத்துக்கு மட்டும். வேற யாரும் தொடக் கூடாது."

"இது என்ன குளிகைண்ணே?"

வேறு யாரும் தின்ன ஆசைப்படாத மருந்து எதுவோ, கேட்டதும் மாமியாரே காவல் காக்கிற மருந்து எதுவோ, அதைச் சொன்னேன்.

"பிள்ளை தங்குறதுக்கு."

ஒச்சப்பன் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். அந்தக் கவரை இரண்டு கையாலும் வாங்கினான். வெட்கத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எடை பார்க்கும் மிஷினைப் பார்த்தான். அவன் போனபின் எனக்கு என் மேலேயே அபார மதிப்பு. அந்த வாரம் ஜக்கம்மாள் வந்தபோது சொன்னேன். "எம்புட்டு வெவரமாச் செஞ்சிருக்கீக, அப்பு!" என்று அவரும் கையெடுத்துக் கும்பிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டோம். அவளை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பின் மாசா மாசம் ஒச்சப்பனே வந்தான். அடுத்தவர் கை படக் கூடாதாம், ஜீப்பில் கொடுத்துவிடக் கூட அவன் சம்மதிக்கவில்லை. வலிப்பு வரவில்லை, மயக்கம் இல்லை, எல்லாம் சரி. முதல் வருஷம் "எம்புட்டு நாள் ஆகும்ண்ணே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். இரண்டாம் வருஷம் சிரிக்காமல் கேட்டான். மூன்றாம் வருஷம் கேட்பதையே நிறுத்திவிட்டான். சிலருக்கு உடனே தங்கும், சிலருக்கு நாளாகும், மருந்தே வேண்டியிருக்காது. ஆனால் நான் மருந்தென்று ஒன்றைக் கொடுத்து அவன் கையில் ஒரு காலண்டரைக் கொடுத்துவிட்டிருந்தேன். அது எனக்குப் புரியத் தொடங்கியபோது, இந்த மாசம் சொல்லிவிடலாம், அடுத்த மாசம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு கவராக மடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனால் கலந்து பேச ஒரு ஆள் இல்லை. இருந்திருந்தாலும் இதைப் பேச முடியாது. ஊரில் உள்ள அத்தனை பேர் ரகசியமும் என்னிடம் இருந்தது, என் ஒரு ரகசியத்தை வைத்துக்கொள்ள எனக்கு ஆளில்லை.

எண்பத்துமூன்று மாசி. ஒச்சப்பன் வந்து, கடையில் இருந்தவர்கள் போகும்வரை ஓரமாக நின்றான். பிறகு ஒரு தலைவலி மாத்திரை கேட்டான்.

"தேவாரம் ஊர்ல எனக்கு ஒரு பொண்ணு பாத்திருக்காக. எங்க ஆத்தா ஏற்பாடு" என்று ஆரம்பித்து, அந்த வீட்டுக்காரர் பேரைச் சொல்லி, "அந்த வீட்டுல ஏதும் சீக்கு உண்டாண்ணே?" என்றான்.

"எனக்குத் தெரியாது." வாய் தானாகச் சொல்லிவிட்டது, பழக்கம். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது. "சுந்தரம்மா?"

"அவ நல்லவதேன். ஆனா மூணு வருசத்துக்கு மேல மருந்து தின்னும் தங்கலையே. கொறை அவகிட்டத்தான்னு ஆயிருச்சுல்ல? பொட்டிபுரத்துலயும் நாலு பெரிய மனுசங்களக் கூட்டிப் பேசணும். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நீங்கதேன சாட்சி."

நான்தான் சாட்சி! ஊரில் யார் கேட்டாலும் 'தெரியாது' என்றே சொல்லி வந்தவன், ஒரு பெண் மலடி என்பதற்குச் சாட்சி சொல்ல வேண்டும், அதுவும் அவள் தின்னாத மருந்துக்கு. மறுத்தால் மறுப்புக்குக் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் காக்கா வலிப்பு. மலடியா, வலிப்புக்காரியா, எந்தப் பேரோடு அவள் மலையிறங்குவது என்பதை நான் தீர்மானிக்க வேண்டும். கடைசியாக, நாலு வருஷம் முன்பே செய்திருக்கவேண்டியதைச் செய்தேன்.

"எதுவும் பேசுறதுக்கு முன்னாடி அவளை ஒருதரம் இங்க கூட்டிட்டு வா. மருந்து சாப்பிடுற ஆளை நான் இதுவரைக்கும் நேர்ல பாத்ததில்ல."

அடுத்த வாரமே கூட்டி வந்தான். அவளைக் கடை வாசலில் விட்டுவிட்டு, லயத்துக்கு வேண்டிய அரிசி மூட்டை லோடு ஏற்ற ஜீப் பக்கம் போனான். கடையில் மூன்று பேர் நின்றார்கள். உள்ளறைக்குக் கூப்பிட்டுப் பேசலாம் என்றால், ஒரு பெண்ணைத் தனியாக உள்ளே அழைத்தேன் என்று அது வேறு பேராகிவிடும். அவர்களுக்கு வேண்டியதைக் கொடுத்து அனுப்ப அனுப்ப, வேறு இரண்டு பேர் வந்து நின்றார்கள். கடைசியில் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றுகொண்டு, மருந்து சொல்லிக்கொடுப்பதுபோல மெதுவாகச் சொன்னேன். ஒல்லியாக, உயரமாக இருந்தாள். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன வயசு.

"நான் கவர்ல வச்சுக் கொடுத்துவிடுறது..."

"எனக்குத் தெரியும்ண்ணே" என்றாள். "பன்னெண்டு வயசுலருந்து தின்னுக்கிட்டு இருக்கேன், மாத்திரைய எனக்கு அடையாளம் தெரியாதா?"

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"யாருகிட்டச் சொல்ல? ராத்திரி அத வாயில போடையில எங்க மாமியா பக்கத்துல நின்னு தண்ணி குடுப்பாக. நான் முழுங்கி முடிக்கிற வரைக்கும் கண்ண மூடிச் சாமி கும்பிடுவாக. ஒருநா விடாம. அவுக கும்பிட்டு முடிச்சு என் வயித்தப் பாப்பாக. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிருவேன்."

மூன்று வருஷத்துக்கு மேல், ஒவ்வொரு ராத்திரியும். நான் கவரில் போட்டது மாத்திரை மட்டும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன்.

"நீங்களும் எங்கம்மாவும் நல்லதுக்குத்தேன் செஞ்சீக. என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"இப்பக் கேக்குறேன். நான் என்ன சொல்லணும்? நீ சொல்லுறதத்தான் சொல்லுவேன்."

பக்கத்தில் இருமல் மருந்துக்கு நின்ற பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். சுந்தரம்மாள் அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு சாதாரணக் குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"கவருக்கு மேல எழுதிக் குடுங்கண்ணே. எம்பேரு, மருந்துப் பேரு, என்ன சீக்குக்குன்னு. காக்கா வலிப்புன்னு தமிழ்ல எழுதுங்க. அவுக எழுத்துக் கூட்டித்தேன் படிப்பாக."

எழுதினேன். நன்றாக இருக்கும் என் கையெழுத்து அன்று கோணிக்கொண்டு போனது. பெரியவர் இருமவே மறந்துவிட்டார். ஒச்சப்பன் மூட்டை ஏற்றிவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். அவள் கவரை அவன் கையில் கொடுத்தாள். அவன் வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். கடைசிச் சொல்லுக்கு வந்ததும் உதடு நின்றது. இன்னொரு முறை முதலிலிருந்து படித்தான். அப்புறம் தலையைத் தூக்கினான். அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"இது உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்" என்றேன். கடை வைத்த இத்தனை வருஷத்தில், கேட்ட கேள்விக்கு அந்தச் சொல்லைப் பதிலாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்ப பிள்ளைக்குன்னு குடுத்தது?"

"அது பொய். நான் சொன்ன பொய். பிள்ளைக்குன்னு அவ எந்த மருந்தும் தின்னதில்ல. அவமேல கொறை சொல்ல உங்கிட்ட ஒரு சாட்சியும் கிடையாது."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம், எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவன் கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தான். அவள் பின்னால் போனாள்.

பதினைந்து நாளில் அவனே அவளையும் சீர்ப்பெட்டியையும் கொண்டுவந்து பொட்டிபுரத்தில் இறக்கிவிட்டுப் போனான். வைகாசியில் தேவாரத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். ஜக்கம்மாள் என் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. கடைக்கு முன்போலக் கூட்டமும் இல்லை. சீக்கின் பேரைக் கவர் மேலேயே எழுதுகிறவன் என்று சிலர் சீட்டை எடுத்துக்கொண்டு தேனிக்கே பஸ் ஏறிவிடுகிறார்கள்.

சுந்தரம்மாள் இப்போது போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் தரம் பிரித்துக் காய் பொறுக்குகிறாள். மாசம் ஒருமுறை, கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும், "வலிப்பு மாத்திரை முப்பது குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கிப் போகிறாள். தான் விழுந்தால் என்ன செய்யவேண்டும் என்று பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறாளாம். ஒருநாள் துணிந்து கேட்டேன், நான் கெடுத்துவிட்டேனா என்று. "கெட்டதுதேன்" என்றாள். "ஆனா மலடின்னு எறங்கி வரலண்ணே. எனக்கு இருக்குற சீக்கோட எறங்கி வந்தேன்."

சாயங்காலம் கிட்டங்கி விட்டு வரும்போது கடைவீதியில் எதிர்ப்பட்டால் அவள் ஒதுங்கிப் போவதில்லை. நின்று, "என்னண்ணே, சோலி முடிஞ்சதா?" என்று கேட்கிறாள். இந்த ஊரில் தெருவில் நின்று என்னோடு பேசுகிற ஒரே ஆள். முடிந்தது என்று பதில் சொல்லுமுன் யாராவது பார்க்கிறார்களா என்று நான் இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்கிறேன். அவள் பார்ப்பதில்லை.